மியூரியலின் மூன்றாவது பனிக்காலம்

காய்ந்த குச்சியைக் கண்டால் எங்கள் ஹாலின்ஷா ஊர்க்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. அக்டோபர் பிறந்துவிட்டால் தெரு முழுக்கக் கத்தரி ஓசைதான். ஒட்டி ஒட்டிக் கட்டிய கல் வீடுகள், ஒவ்வொன்றின் பின்னாலும் நான்கு பாய் விரிக்கும் அளவுக்குத் தோட்டம். அதில் ஒரு செத்த தண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அது குடும்பத்துக்கே அவமானம். ஜன்னல் திரை அழுக்காக இருந்தால்கூட மன்னித்துவிடுவார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் மியூரியல் ஓல்ட்ராய்ட் ஃபியூஷியா வளர்த்தாள். ஜிமிக்கி மாதிரி தலைகீழாகத் தொங்கும் பூ. அதிலும் அவளுக்குப் பிடித்தது பனி தாங்கும் வகை. தொட்டியில் வைத்துக் கண்ணாடிக் குடிலுக்குள் தூக்கி வைத்துக் கொஞ்சுகிற வகையை அவள் ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டாள். பனி தாங்கும் ஃபியூஷியாவுக்கு அந்தக் காய்ந்த தண்டுகள்தான் போர்வை. உறைபனி வந்து மேல் தண்டைக் கொன்றுவிட்டு அதோடு திருப்தியாகிப் போய்விடும். மண்ணுக்குள் தூர் பிழைத்துக்கிடக்கும். மே மாதத்தில் தூரிலிருந்து சிவப்பாக முளை எட்டிப் பார்த்த பிறகுதான் பழைய தண்டை வெட்ட வேண்டும். இதை அவள் முப்பது வருடமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஊரும் முப்பது வருடமாகத் தலையை ஆட்டிவிட்டு அக்டோபரில் வெட்டிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு பெரில் க்ராப்ட்ரீ இருக்கிறாளே, அவள் தன் தோட்டத்தை முடித்துவிட்டுக் கத்தரியோடு வேலிக்கு மேலே எட்டிப் பார்ப்பாள்.

"மியூரியல், உன் குச்சியெல்லாம் அசிங்கமா நிக்குது பாரு. நான் வேணா ரெண்டே நிமிஷத்துல நறுக்கி விட்டுடவா?"

"உன் கையை நறுக்கிடுவேன்."

"நல்லதுக்குச் சொன்னா கோவத்தைப் பாரு!"

கோபம் மியூரியலுக்கு மூக்கு நுனியில்தான் இருக்கும். அது அவளுடைய பிறவிக் குணம் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். பிறவிக் குணமெல்லாம் இல்லை. பதினைந்து வயதிலிருந்து மெத்துச் செருப்புத் தொழிற்சாலையில் அடித்தோல் தைத்தாள். இயந்திரங்களின் இரைச்சலில் கத்தினால்தான் அடுத்தவருக்குக் கேட்கும். தொழிற்சாலையை மூடினார்கள், கத்தல் மட்டும் நின்றுபோகவில்லை.

செடிமேல் அவளுக்குப் பைத்தியம் பிடித்ததும் கோபத்தினால்தான். கல்யாணமான புதிதில் சந்தையில் ஒரு ஃபியூஷியா வாங்கினாள். 'பனி தாங்கும்' என்று அதில் சீட்டு கட்டியிருந்தது. முதல் பனிக்காலத்திலேயே போய்விட்டது. அவளுக்கு அது போய்விட்டது என்று தெரியவில்லை. ஜூலை வரைக்கும் தினமும் வேலை முடிந்து வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தேக்கரண்டியால் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். தண்ணீர் அதிகம் விட்டுவிட்டோமோ, குறைவாக விட்டோமோ, ஆழமாக நட்டுவிட்டோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மறு வருடம் இன்னொன்று வாங்கினாள். அதுவும் போனது. பல வருடம் கழித்து ஃபியூஷியா சங்கத்தில் சேர்ந்தபோதுதான் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், அந்த வகை இந்த மலைப்பக்கத்துக் குளிரைத் தாங்கவே தாங்காதாம். யாரோ வாய்க்கு வந்ததைச் சீட்டில் எழுதியிருக்கிறார்கள். மியூரியலுக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அதனால் தானே ஒரு செடியை உண்டாக்கிவிடுவது என்று முடிவு செய்தாள். சாலையோர வேலிகளில் மண்டிக் கிடக்கும் முரட்டு ஃபியூஷியாவின் மகரந்தத்தை எடுத்து மென்மையான ஒன்றின்மேல் தடவி, விதை எடுத்து, முளைக்க வைத்து, பிடிக்காததையெல்லாம் பிடுங்கி எறிந்து, கடைசியில் ஒன்று தேறியது. வெளியே வெள்ளை இதழ், உள்ளே கத்தரிப்பூ நிறத்தில் பாவாடை. சங்கத்துச் செயலாளர் ரெஜ் டின்ஸ்டேல் அதைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். ஆனால் சங்கத்தில் ஒரு விதி உண்டு. ஒரு செடியைப் பனி தாங்கும் வகை என்று ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், அது மூன்று பனிக்காலம் திறந்த நிலத்தில் நின்றிருக்க வேண்டும். வைக்கோல் மூடக்கூடாது, துணி போர்த்தக்கூடாது, பெயர்த்து உள்ளே வைக்கவே கூடாது. ஒவ்வொரு பனிக்காலமும் முடிந்து தானே தளிர்த்துப் பூக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் செடிக்குப் பெயரே வைக்க முடியும்.

எழுபத்து நான்கு வயதில் மியூரியல் அந்தச் செடியை மண்ணில் இறக்கினாள். மியூரியலுக்குப் பிள்ளைகள் இல்லை. செருப்புத் தொழிற்சாலையில் தைத்ததில் ஒரு ஜோடிகூட இன்று யார் காலிலும் இருக்காது. இந்த ஒன்றாவது நிற்கட்டும், அதற்குத் தன் வாயால் ஒரு பெயர் வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

முதல் பனிக்காலம் தாண்டியது. இரண்டாவது கடுமையாக இருந்தது. மே பாதி போன பிறகும் ஒன்றையும் காணோம். பெரில் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அது போயிடுச்சு கண்ணு. தோண்டிப் போட்டுட்டு பெகோனியா வையி. சந்தையில அழகா வந்திருக்கு."

"இன்னொரு தடவை பெகோனியான்னு சொன்னே, வேலியைத் தாண்டி வந்துருவேன்."

மியூரியலின் கணவர் வில்ஃப் இன்னும் மோசம். பால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். எதுவும் கஷ்டப்படுவதைப் பார்க்க அவருக்கு மனசு வராது. வழியில் முள்ளெலி கிடந்தால் தொப்பியில் எடுத்து வந்துவிடுவார். செடி குளிரில் நின்றால் அவருக்குக் குளிரும்.

"ஒரு சாக்கு மட்டும் போட்டா என்ன? யாரு பாக்கப் போறா?"

"சாக்கு போட்டா அது பரீட்சையே இல்ல, வில்ஃப்."

"செடிக்கு எதுக்கு பரீட்சை? பாவம், அது பள்ளிக்கூடமா போவுது?"

இவர்களிடமெல்லாம் சொல்லிப் புரியவைப்பதற்குள் மியூரியலின் உயிர் போய்விடும். அந்த ஜூன் தொடக்கத்தில் தேக்கரண்டியால் மண்ணை விலக்கினபோது குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்பு தெரிந்தது. ஆகஸ்ட்டில் பூத்தது. அவள் பெரிலைக் கூப்பிட்டு வேலிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் பூவைக் காட்டினாள்.

மூன்றாவது பனிக்காலம்தான் இரண்டாயிரத்துப் பத்து. நவம்பர் கடைசியிலேயே பனி கொட்டி உறைந்துவிட்டது. குழாய்கள் வெடித்தன. பால் புட்டிகளின் மூடி எழும்பி நின்றது. அப்படி ஒரு டிசம்பரை எங்கள் ஊரில் வயதானவர்களும் பார்த்ததில்லை. மியூரியல் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போய்ப் பின்வாசலில் சறுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு போய்விட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் அவள் வாய் ஓயவில்லை.

"வில்ஃப், குடிலுக்குள்ள ஹீட்டரை அணைச்சிடாதே. உள்ள இருக்கற தொட்டிக்கெல்லாம் வாரம் ஒரு தடவை தண்ணி. வெளிய இருக்கறதைத் தொடாதே. கேக்குதா? தொடவே தொடாதே."

"கேக்குது, கேக்குது. நீ படு."

மூட்டு மாற்றி, நடை பழக்கி, கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் வீட்டுக்கு அனுப்பினார்கள். நடக்க உதவும் கம்பிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்ததும் அவள் முதலில் போனது சமையலறை ஜன்னலுக்குத்தான். வெளியே வெள்ளைப் பனி. அதன் நடுவே ஒரு கொத்துக் குச்சி நின்றது.

"இருக்கு," என்றாள்.

"இருக்கு," என்று வில்ஃப் சொல்லிவிட்டு அவசரமாகத் தேநீர் போடப் போனார்.

வெளியே போகக்கூடாது என்று மருத்துவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஜனவரி முழுக்க அவள் அந்த ஜன்னலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பனி விழுந்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள். காற்று அடித்தால் "பிடிச்சுக்கோ, விட்டுடாதே" என்று முணுமுணுப்பாள். அதைக் கேட்டால் வில்ஃப் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

ஏப்ரல் கடைசியில் கைத்தடியோடு தோட்டத்தில் இறங்க அனுமதி கிடைத்தது. அவள் போவதற்குள்ளேயே பெரில் வேலிக்கு அந்தப் பக்கம் தயாராக நின்றாள்.

"பாத்தியா மியூரியல், எவ்வளவு பச்சை! எந்த வருஷமும் இவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்ல. ஜெயிச்சுட்டே போ!"

மியூரியல் செடியைப் பார்த்தாள். பச்சைதான். முழங்கால் உயரம் வரைக்கும் பழைய தண்டில் வரிசையாக இலை விட்டிருந்தது. நுனியில்கூடத் துளிர்.

அவள் பக்கத்திலிருந்த மற்ற ஃபியூஷியாக்களைப் பார்த்தாள். முப்பது வருடமாக அங்கேயே நின்று பழகின முரட்டுச் செடிகள். அத்தனையும் மேலே சாம்பல் நிறமாகச் செத்துக் கிடந்தன. ஒரு தண்டை நகத்தால் சுரண்டினாள், உள்ளே பழுப்பு. ஊரில் குழாய் வெடித்த டிசம்பரில் எந்த ஃபியூஷியாவின் மேல் தண்டும் உயிரோடு இருக்க முடியாது. வந்தால் தூரிலிருந்து வரவேண்டும், அதுவும் மே கடைசியில். நுனியில் துளிர்க்கிற செடி பனியைப் பார்த்த செடி இல்லை. எங்கோ கூரைக்குக் கீழே சுகமாகத் தூங்கி எழுந்த செடி.

அவள் தடியை ஊன்றிக்கொண்டு திரும்பினாள். பெரில் சட்டென்று வேலியிலிருந்து மறைந்துவிட்டாள்.

வில்ஃப் சமையலறையில் இறைச்சி உருளைக்கிழங்கு அடையை அடுப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்க வச்சிருந்தே?"

"எதை?"

"வில்ஃப்."

நாற்பத்தேழு வருடம் குடும்பம் நடத்தியும் அவருக்குப் பொய் சொல்ல வராது. அடையைக் கீழே வைத்தார். கைத்துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பெரிலோட கரிக் கொட்டகையில."

"நான் ஜனவரி பூரா பாத்துட்டிருந்தேனே, அது என்ன?"

"அது... பெரில் வெட்டிப் போட்ட திராட்சைக் குச்சி. பனியில குத்தி வச்சேன். நீ மார்ச்சுல டாக்டரைப் பாக்கப் போனப்ப மாத்திட்டேன்."

மியூரியல் தடியைத் தரையில் ஓங்கி ஊன்றினாள். ஒரு கட்டுத் திராட்சைக் குச்சிக்காக ஒரு மாதம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்!

"ஏன்யா? ஏன் இப்படிப் பண்ணே? தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. ஆனா நீ அங்க படுத்துக் கிடந்தே. இங்க அது செத்துட்டிருந்துச்சு. நீ வீட்டுக்கு வர்றப்ப அதுவும் இல்லேன்னு எப்படி உங்கிட்ட சொல்றது?"

"குடிலுக்குள்ள நாலு தொட்டிக்குத் தண்ணி ஊத்தினியே, அது என்னன்னு நினைச்சே? இதே செடியோட கிளையை ஒடிச்சு நட்ட குட்டிங்க! இது செத்தா அது இருக்கு. செடி எங்கயும் போயிருக்காது. போனது பரீட்சை மட்டும்தான்."

வில்ஃப் கைத்துணியைக் கீழே வைத்தார். "எனக்கு எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. நீ பேசறது இதுகிட்ட மட்டும்தான். அதனால இதுதான்னு நினைச்சேன்."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கேட்க ஒன்றும் மிச்சமில்லை, இருந்தாலும் கேட்டாள்.

"மண்ணு கல்லு மாதிரி இருந்திருக்குமே. எப்படித் தோண்டினே?"

"கெட்டில் கெட்டிலா வெந்நீர் ஊத்தினேன். ஊத்தறதும் உறையறதுமா இருந்துச்சு. அப்புறம் செடியைச் சுத்தி தள்ளிக் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சேன். மத்தியானம் பூரா ஆயிடுச்சு."

"என்னைக்கு?"

வில்ஃப் குனிந்து தரையைப் பார்த்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு மறுநாள். பார்வையாளர் நேரத்தில் மற்ற கட்டில்களைச் சுற்றியெல்லாம் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். வில்ஃப் வரவில்லை. மணி அடித்து எல்லோரும் போன பிறகும் வரவில்லை. இந்தப் பனியில் எங்கேயோ விழுந்து கிடக்கிறார் என்று அவள் நினைத்தாள். நர்ஸைக் கூப்பிட்டு வீட்டுக்கு ஃபோன் போடச் சொன்னாள். யாரும் எடுக்கவில்லை. அன்று அவள் பட்ட பாடு இடுப்புக்குப் பட்டதைவிட அதிகம். மறுநாள் வந்தவர் பஸ் ஓடவில்லை என்று சொன்னார்.

"பஸ் ஓடிச்சு," என்றாள்.

"ஓடிச்சு," என்றார் வில்ஃப்.

அவள் தடியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அடை ஆறிப்போனது.

ஜூன் முடிவதற்குள் செடி பூத்துவிட்டது. செய்தி சங்கம் முழுக்கப் பரவிவிட்டது. பரப்பினது யார் என்று சொல்லவேண்டியதில்லை. ரெஜ் டின்ஸ்டேல் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். செடியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

"அதிசயம் மியூரியல்! அந்த டிசம்பருக்கு அப்புறம் ஜூன்ல பூவா? என்னோடதெல்லாம் இப்பத்தான் விரல் உயரம் வந்திருக்கு. பெயரைச் சொல்லுங்க, இந்த வாரமே பதிவுக்கு அனுப்பிடலாம்."

வில்ஃப் தேநீர்த் தட்டோடு பின்வாசலில் நின்றார். கோப்பைகள் கிணுகிணுத்தன. வேலிக்கு அந்தப் பக்கம் பெரில் இருக்கிறாள் என்பது அவள் மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்தது.

மியூரியலிடம் பெயர் தயாராக இருந்தது. மூன்று வருடமாக நாக்கு நுனியில் வைத்திருந்தாள். அவளுக்கு எழுபத்தேழு நடந்துகொண்டிருந்தது. புது இடுப்பு ஏறி இறங்கும்போதெல்லாம் தன் வயதை நினைவூட்டிக்கொண்டே இருந்தது.

"பெயர் இல்ல ரெஜ். இது பனிக்காலம் பூரா உள்ள இருந்துச்சு."

ரெஜ் அவளைப் பார்த்தார். வில்ஃபைப் பார்த்தார். தட்டின் கிணுகிணுப்பைக் கேட்டார். ஆள் புத்திசாலி, புரிந்துகொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"இதோ பாருங்க, ரெண்டு பனிக்காலம் தாங்கினதை நானே கண்ணால பாத்திருக்கேன். போன வருஷக் குளிரும் சின்னக் குளிர் இல்ல. மூணாவதும் தாங்கியிருக்கும். யாருக்குத் தெரியப் போவுது?"

"தாங்கியிருக்கும்னு எனக்கே தெரியாது. அதான் வயித்தெரிச்சல். தாங்கிச்சா தாங்கலையான்னு நான் சாகற வரைக்கும் தெரியாது." மியூரியல் தடியால் மண்ணைக் குத்தினாள். "எங்கேயோ ஒரு பொண்ணு இதைச் சீட்டைப் பாத்து வாங்குவா. அது வராது. ஜூலை வரைக்கும் மண்ணைக் கிளறிட்டு, நான் என்ன தப்பு பண்ணேன்னு உக்காந்து யோசிப்பா. நான் யோசிச்சிருக்கேன் ரெஜ். அந்தச் சீட்டை எழுதினவன் கையில கிடைச்சா இன்னைக்கும் விடமாட்டேன். அதே சீட்டை நான் எழுத முடியாது."

"அப்போ மறுபடி ஒண்ணுலேருந்து," என்றார் ரெஜ்.

"ஒண்ணுலேருந்து."

ரெஜ் தேநீர் குடித்துவிட்டுப் போனார். பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

அவர் போன பிறகு மியூரியல் வேலிப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பெரில்! ஒளிஞ்சது போதும், வெளிய வா. தொட்டி ஒண்ணு எடுத்துட்டு வா. இது உன் கொட்டகையில வளந்த பிள்ளை. நீயே வச்சுக்கோ. பெகோனியாவுக்கு நடுவுல வையி, நல்லா இருக்கும்."

பெரில் அழுதுகொண்டே தொட்டியோடு வந்தாள். வேண்டாம் என்று மட்டும் அவள் சொல்லவில்லை.

பிறகு மியூரியல் குடிலிலிருந்து குட்டிகளில் ஒன்றை எடுத்து வரச் சொன்னாள். அவளால் குனிய முடியாது. மண்வெட்டியை வில்ஃப் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தத் தோட்டத்தில் அவருக்கு மண்வெட்டி கிடைத்தது அன்றுதான் முதல் தடவை. அதாவது அவளுக்குத் தெரிந்து முதல் தடவை.

"ஆழமா. இன்னும் ஆழமா. தொட்டியில இருந்த மட்டத்துக்கு வச்சா போதாது. தண்டோட அடி மண்ணுக்குள்ள போகணும். மேல விழற பனி அங்க எட்டக்கூடாது."

"இவ்வளவு போதுமா?"

"நீ தோண்டினதுக்கு இதெல்லாம் ஒரு ஆழமா? உறைஞ்ச மண்ணையே உடைச்சவனாச்சே."

வில்ஃப் குழியருகே முழங்காலிட்டு, குட்டியை இறக்கி, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினார். எழுந்திருக்கவில்லை. அப்படியே மண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மூணு பனிக்காலம்னா எனக்கு எண்பத்திரண்டு ஆயிடும்."

"ஆகட்டும்."

"அதுக்குள்ள நீ மறுபடி ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துட்டேன்னு வையி. வெளிய அதே மாதிரி குளிரு. நான் என்ன பண்ணட்டும்? வெந்நீர் ஊத்தித் தோண்டணுமா, வேணாமா? எதையாவது சொல்லிட்டுப் போ மியூரியல். எனக்குத் தெரியாது."

மியூரியல் தடியை வேலியில் சாய்த்துவிட்டு, அவர் எழுந்திருக்கக் கையை நீட்டினாள்.

"நீ என்னைப் பாக்க வா," என்றாள்.